குட்டனுக்கு ஒரு பால் பன்

எங்கள் நாய் குட்டனை இன்று கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன்.

"இனி ஊசி வேண்டாம். அது கேக்கதக் குடுங்க, போதும்" என்று அனுப்பிவிட்டார்.

அவன் வாழ்நாளெல்லாம் கேட்டது பால் பன் ஒன்றைத்தான்.

ஆரல்வாய்மொழியில் ஆட்டோவை விட்டு இறங்கினால் ஆளைத் தள்ளும் காற்று. துவர்த்துத் துண்டால் அவனைத் தலையோடு போர்த்தி, தோளில் சாய்த்துக்கொண்டு பேக்கரிக்குள் போனேன். கதவில் நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டிருந்தது. பார்த்தேன்தான். கண் தெரியாதவனை அந்தக் காற்றில் எங்கே விட?

எனக்கு முன்னால் நின்ற அக்கா விலகி வழிவிட்டார்.

"கைப்பிள்ளைய வச்சிட்டு நிக்கியளே, முன்ன போங்கம்மா. பிள்ளைக்கி சளி பிடிச்சிரப் போவுது."

துவர்த்தின் மேலேயே முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

நான் முன்னால் போய் நின்றேன். குட்டன் தும்மினான். துவர்த்து விலகி மூக்கு வெளியே வந்துவிட்டது.

"அய்யே, நாயில்லா!"

தட்டிக்கொடுத்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

கல்லாவில் இருந்தவர் கத்தவில்லை. "போர்டு போட்டிருக்குல்லா, பாக்கலியா? வெளிய நில்லுங்க, பன்ன குடுத்து விடுதேன்."

கொடுத்தும் விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படியில் உட்கார்ந்து, பன்னைக் குட்டனின் மூக்கருகே பிடித்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் பிள்ளையாக இருந்தான். அப்போதும் இதே எடைதான், இதே காய்ச்சல்தான்.

பன் வீட்டில் மேசைமேல் அப்படியே இருக்கிறது. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள். கவலை வேண்டாம், நாய் வாய் வைக்காதது.