இருவருக்கும் ஒரே சமையல்

எங்கள் ஊரான கும்மிடிப்பூண்டிதான் ரயிலின் கடைசி நிறுத்தம். எல்லோரும் இறங்கிய பிறகும் என் கணவர் சன்னலோரத்தில் உட்கார்ந்தே இருந்தார்.

"இறங்குங்க" என்றேன்.

"இன்னா அவசரம்? நம்ம ஊரு வந்தா சொல்லு."

விளையாடுகிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

இரும்புக் கம்பி உருட்டும் ஆலையில் உலைக்கு முன்னால் நின்று வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ரத்த அழுத்தம் இருப்பது தெரியும். தலை சுற்றினால் மாத்திரை போடுவார், சரியானதும் நிறுத்திவிடுவார். எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான்.

அடுத்த சில மாதங்களில் சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட ஆரம்பித்தார். பேச்சின் பாதியில் சொல் கிடைக்காமல் நின்றார். காரணமில்லாமல் கோபம் வந்தது. சென்னையில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பல இடங்களில் அடைபட்டிருந்தன. வாஸ்குலர் டிமென்ஷியா (மூளைக்கு ரத்தம் சரியாகப் போகாததால் வரும் மறதி நோய்) என்றார்.

"சரியாப் போய்டுமா டாக்டர்?"

"போனது திரும்பாதும்மா. மேல போகாம இழுத்துப் பிடிக்கலாம். மாத்திரைய ஒரு நாளும் விடாதீங்க. உப்பக் குறைங்க, பீடிய நிறுத்துங்க, தினமும் நடக்க வைங்க. நாலு பேரோட பேச விடுங்க."

பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க பிரஷர் பார்த்து எவ்ளோ நாளாச்சு?"

என் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு பார்த்ததே இல்லை. கருவியின் பட்டை கையை இறுக்கியது. அவருடையதைவிட எனக்கு அதிகமாக இருந்தது.

"எனக்கும் இந்த மறதி வருமா?"

"வராதுன்னு யாராலும் சொல்ல முடியாது. வர்ற வாய்ப்பக் குறைக்கலாம். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கும்மா."

ரயிலில் திரும்பும்போது என் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தேன். நானும் மறந்துவிட்டால் இவரை யார் பார்ப்பார்கள்?

கருவாட்டையும் ஊறுகாயையும் அப்பளத்தையும் நிறுத்தினேன். கீரை, சுண்டல், காய், எண்ணெய் அதிகமில்லாத மீன் குழம்பு. முதல் நாளே தட்டைத் தள்ளினார்.

"இன்னாடி இது, ஆஸ்பத்திரி சோறா? கருவாடு எங்க?"

அதே சோற்றைப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். "நானும் இதத்தான் துன்றேன், பாருங்க."

நெடுநேரம் பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

எல்லா நாளும் அப்படி முடியவில்லை. தட்டு சுவரில் போய் விழுந்த நாட்கள் உண்டு. துடைத்துக்கொண்டே அழுதிருக்கிறேன். மெல்ல மெல்ல உப்புக்குப் பதில் எலுமிச்சையும் மிளகும் சுட்ட பூண்டும் கைகொடுத்தன. பீடி அவ்வளவு சுலபத்தில் போகவில்லை. தலையணை உறைக்குள்ளிருந்துகூட எடுத்திருக்கிறேன்.

காலையில் தொழிற்பேட்டைச் சாலையில் இருவரும் நடப்போம். வேலைக்குப் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள்.

"இன்னா மேஸ்திரி, எங்க போய்க்கினு கீறீங்க?"

"டூட்டிக்குதான்!" என்பார். மேஸ்திரி என்ற அந்த ஒரு சொல்லுக்கு அவர் முகம் மலர்ந்துவிடும்.

இதே நிலையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். அவர் குணமாகவில்லை. இரண்டு வருடம் ஏறக்குறைய அப்படியே இருந்தார். பிறகு இன்னொரு அடைப்பு வந்தது. இடது கால் இழுக்கிறது. சில நாள் என்னைப் பேர் சொல்லி ராணி என்கிறார், சில நாள் அக்கா என்கிறார். என் ரத்த அழுத்தம் இப்போது கட்டுக்குள் இருக்கிறது. எனக்கு என்ன வரும், வராது என்பது தெரியாது. வேலை மும்முரத்தில் உடம்பை மறந்துவிடுகிறவளாக இருந்தேன். இப்போது காதோரத்தில் துடிக்கும் நாடியைக்கூடக் கவனிக்கிறேன்.

சென்ற மாதம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். நர்ஸ் என் கையில் பட்டையைச் சுற்றுவதை அவர் கலக்கத்தோடு பார்த்தார்.

"யாருக்கு ஒடம்பு சரியில்ல?"

"எனக்குத்தான்."

என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாத. நான் ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன்."

பட்டையைக் கழற்றியதும் எழுந்து, காலை இழுத்தபடி, என்னைத் தாழ்வாரத்தில் கூட்டிக்கொண்டு நடந்தார். வாசல் எதிர்ப்பக்கம் இருந்தது. நான் சொல்லவில்லை. கொஞ்ச தூரம் அவர் போன பக்கமே போனேன்.