மூக்கை விட்டுடாதே

குழாயைத் திறந்ததும் முதலில் ஓர் இருமல் கேட்கும், பிறகு காற்று சீறும், அதன் பின்னால் நாற்றம் வரும், எல்லாம் வந்து முடிந்த பிறகுதான் தண்ணீர் வரும். துருப்பிடித்த ஆணியும் அழுகிய முட்டையும் ஒரே பாத்திரத்தில் ஊறியது போன்ற அந்த நாற்றத்தை, படப்பையை அடுத்த எங்கள் புது வீட்டில் பால் காய்ச்சிக் குடியேறிய மறுநாள் காலையில், பல் துலக்கப் போன இடத்தில்தான் முதன்முதலாக முகர்ந்தேன். வாசலில் கட்டிய மாவிலை கூட அப்போது வாடவில்லை. வாயில் ஊற்றிய தண்ணீரைத் துப்பினேன். அதைத் தொடர்ந்து முந்தைய நாள் விருந்தின் பாயசமும் வெளியே வந்தது. அம்மா ஓடிவந்து என் முதுகைத் தடவிவிட்டுத் தானும் ஒரு சொம்பு பிடித்து முகர்ந்து பார்த்தாள்; உடனே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்பா மட்டும் அசையாமல் நின்று, "புதுப் போரு இல்லியா, அப்டித்தான் இருக்கும். பழகிடும்" என்றார்.

அந்தப் "பழகிடும்" என்ற சொல்லை நான் வெறுத்த அளவுக்கு வேறு எந்தச் சொல்லையும் வெறுத்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு வைகாசி மாதம் அது. நான் ஐந்தாம் வகுப்புக்குப் போகவிருந்தேன். அதுவரை சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு நீளமான வீட்டின் நடுப் போர்ஷனில் இருந்தோம். அப்பா ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பார்க் ஸ்டேஷனில் ரயிலேறித் தாம்பரம், அங்கிருந்து பஸ் பிடித்து ஒரகடம் என்று விடியுமுன் கிளம்பி, ஓ.டி. முடித்து வருவதற்குள் நாங்கள் தூங்கிப்போயிருப்போம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் அவரைப் பார்த்த என் தம்பி பாபு, "யாரோ மாமா வந்துகிறாரும்மா" என்று அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டான். நாங்கள் எல்லாரும் சிரித்தோம், அப்பா சிரிக்கவில்லை. அடுத்த மாதமே அவர் படப்பைப் பக்கம் மனை பார்க்கத் தொடங்கினார்.

அவர் வாங்கிய மனைப் பிரிவின் நுழைவாயிலில் பெரிய ஆர்ச், அதில் ஆங்கிலத்தில் தோட்டம் என்றும் நகரம் என்றும் எழுதிய பெயர், வரிசையாகக் கலர்க் கொடிகள். உள்ளே போனால் தோட்டமும் கிடையாது, நகரமும் கிடையாது, எல்லைக் கற்களுக்கு நடுவே பன்றிகள் படுத்திருக்கும். சாக்கடை என்ற ஒன்றையே அந்த லேஅவுட் போட்டவர்கள் யோசிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செப்டிக் டேங்க், அதற்குக் கூப்பிடு தூரம் கூட இல்லாமல் ஒரு போர்வெல். நிரம்பிய டேங்கை உறிஞ்ச லாரி வரும். உறிஞ்சியதைத் தூரத்துக்குக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு, பட்டப்பகலில் அடுத்த காலி மனையில் திறந்துவிட்டுப் போவார்கள். அதில் மொய்க்கும் ஈக்கள்தான் எங்கள் சோற்றுத் தட்டுக்கும் வரும். அப்பா சாப்பிட்டு முடித்து, ஜன்னலோரம் பனியனோடு உட்கார்ந்து, "காத்து எப்டி வருது பாரு. மெட்ராஸ்ல இந்தக் காத்து கெடைக்குமா?" என்பார். காற்று வந்தது உண்மைதான். அது எதன் மேலெல்லாம் புரண்டு வந்தது என்பதைத்தான் அவர் சொல்லமாட்டார்.

தண்ணீரின் கதை இன்னும் மோசம். பிடிக்கும்போது பளிங்கு மாதிரி இருக்கும். பக்கெட்டில் சற்று நேரம் வைத்தால் மஞ்சளாகி, மேலே எண்ணெய்ப் படலம் போல ஒன்று நீலமும் ஊதாவுமாக மினுங்கும். சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி உடம்பில் ஒட்டிக்கொள்ளும். என் வெள்ளைச் சட்டை ஒரே பருவத்தில் டீ வடிகட்டும் துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினோம். குளிக்க, துவைக்க, அரிசி களைய எல்லாம் அந்தக் குழாய்தான். தலைக்குக் குளித்துவிட்டுப் படுத்தால் தலையணையே நாறும். நான் அழுதால் அப்பா கேலி செய்வார்: "கூவம் கரையில பொறந்த பொண்ணு நீ, ஒனக்கு இது நாத்தமா?" அதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். "அது ஊரு நாத்தம். கதவச் சாத்துனா போயிடும். இது வூட்டு நாத்தம்."

எதனால் இப்படி நாறுகிறது என்று எங்களுக்குச் சொன்னவர் செல்வி அக்கா. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பயிர் வைத்த குடும்பம். நிலத்தை லேஅவுட்காரர்களுக்கு விற்றுவிட்டு, ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஊர்க்காரர்கள் எங்கள் இடத்தை ஆர்ச்சில் எழுதிய பெயரால் அழைப்பதில்லை, "தாங்கல்" என்பார்கள். ஷேர் ஆட்டோக்காரரும் "தாங்கல்லாம் எறங்கு" என்றுதான் இறக்கிவிடுவார். சுமைதாங்கிக் கல் மாதிரி வழிப்போக்கர் இளைப்பாறிய இடமாக இருக்கும் என்று அப்பா தானாகவே ஒரு பொருள் சொல்லிக்கொண்டு, "பேரே எவ்ளோ நல்லாகீது, நம்மளத் தாங்கும்" என்று பூரித்துப்போயிருந்தார். ஒருநாள் வாசலில் நின்று அம்மா தண்ணீரைப் பற்றிப் புலம்பியபோது செல்வி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா, தாங்கல்ல வூடு கட்டிகினு தண்ணி நாறுதுன்றியே? தாங்கல்னா சின்ன ஏரிம்மா. மழைத்தண்ணி மொத்தமும் இங்க வந்துதான் நிக்கும். அந்தச் சேறு அடியில அப்டியே கீது. அதுல போரு போட்டா வேற இன்னா வரும், பன்னீரா வரும்?"

அம்மா உள்ளே வந்து அப்பாவிடம் அதை ஒரு சொல் விடாமல் ஒப்பித்தாள். பழவந்தாங்கல் ஸ்டேஷனை வருஷக்கணக்காக ரயிலில் போகவும் வரவும் கடந்த மனிதர் அவர். ஒருநாளாவது அந்தப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று யாரையாவது கேட்டிருக்கலாம்.

ஐப்பசி மழை வந்தபோது செல்வி அக்கா சொன்னது எங்கள் கக்கூஸ் வழியாகவே தெரிந்தது. பூமி தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை. ஊற்றிய தண்ணீர் இறங்கவில்லை, முன்பே இறங்கியிருந்ததும் மெல்ல மேலே ஏறி வந்தது. குளியலறை மூலையில் மரவட்டைகள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு கிடந்தன. அன்றைக்கு அம்மா எங்கள் துணிகளை ஒரு பையில் திணித்துக்கொண்டு, "நான் எங்க அண்ணன் வூட்டுக்குப் போறேன்" என்று வாசலுக்கு வந்துவிட்டாள். சிந்தாதிரிப்பேட்டையில் அதே தெருவில் இருந்த அவளுடைய அண்ணன், புதுப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தவர்; அவர் வீட்டு மாடிப் போர்ஷன் காலியாக இருந்தது. அப்பா அவளைக் கெஞ்சி உட்காரவைத்து ஒரு வாக்குக் கொடுத்தார். கோடை வரைக்கும் பார்க்கலாம், அப்போதும் பிள்ளைகளுக்கு இந்தத் தண்ணீர் ஒத்துவராவிட்டால், பள்ளிக்கூடம் திறப்பதற்குள் வீட்டைக் கம்பெனிப் பசங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு எல்லாரும் திரும்பிப் போய்விடலாம் என்றார். "சத்தியமா?" என்றாள் அம்மா. அவர் என் தலையில் கைவைத்து, "சத்தியமா" என்றார்.

மறுநாள் காலையிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு புதுச் சடங்கு தொடங்கியது. அப்பா கம்பெனி பஸ் பிடிக்கப் போனதும் அம்மா என்னைக் குழாயடிக்குக் கூப்பிடுவாள். இருமல் முடிந்து வரும் முதல் சொம்புத் தண்ணீரைப் பிடித்து என் மூக்குக்கு நேரே நீட்டுவாள்.

"இன்னாடி?"

"நாறுதும்மா."

"எப்டி நாறுது?"

"குமட்டுது."

அதைக் கேட்டதும் அவள் முகத்தில் வரும் நிம்மதியை எப்படிச் சொல்வது! மருந்து வேலை செய்கிறது என்று கேட்ட நோயாளி மாதிரி மலர்ந்து, என் கன்னத்தை ஈரக்கையால் கிள்ளி, "மூக்கை விட்டுடாதே பாப்பா. நீ பழகிட்டேன்னா அவ்ளோதான், நாம இங்கியே கெடக்க வேண்டியதுதான்" என்பாள். பாபுவை நம்பிப் பயனில்லை. அவன் குளிக்கும்போதே குழாயில் வாய் வைத்துக் குடித்து, தவளையைப் பிடித்து அதே பக்கெட்டில் விட்டு விளையாடினான். அடித்தும் பார்த்தாள், திருந்தவில்லை. அப்பாவோ எங்களுக்குக் காட்டவென்றே ஒரு டம்ளர் போர்த் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்து, கண்ணில் நீர் முட்ட, "இன்னா கொறைச்சல் இதுக்கு?" என்பார். ஆகவே திரும்பிப் போகும் வழி முழுக்க என் மூக்கின் மேல்தான் நின்றது.

நான் அதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன். பள்ளியிலிருந்து திரும்பும் ஷேர் ஆட்டோவில், ஷிப்ட் முடிந்து வரும் பையன்களின் வியர்வைக்கும் கூலன்ட் ஆயில் வாடைக்கும் நடுவே நசுங்கி உட்கார்ந்திருக்கும்போது கூட, வீட்டுத் தண்ணீரின் நாற்றத்தை நினைவுக்குக் கொண்டுவந்து குமட்டிப் பார்ப்பேன். காலையில் ஒரு முறை போதாது என்று மாலையிலும் நானாகவே சொம்பு பிடித்து முகர்வேன். தை, மாசி, பங்குனி என்று முகர்ந்துகொண்டே இருந்தேன். "நாறுதும்மா, குமட்டுது" என்பதை வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

சித்திரை வெயிலில் போர் தாழ்ந்து, தண்ணீர் கருத்து வரத் தொடங்கியபோது அம்மாவுக்கு வெற்றி நிச்சயமாகிவிட்டது. தன் அண்ணனைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு பேசிவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். பரணிலிருந்து அட்டைப்பெட்டிகளைக் கூட முதல் நாளே இறக்கித் துடைத்து வைத்திருந்தாள். மாமா வந்தார், வாசல் குழாயில் கால் கழுவினார், கூடத்துக்குள் வந்து நாற்காலியில் பாதி உட்கார்ந்தவர் அப்படியே எழுந்து கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"இன்னா நாத்தம் இது? எங்கனா எலி கிலி செத்துக் கெடக்குதா?"

அம்மா சமையலறை வாசலில் நின்று அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையைப் பார்த்தார். அவ்வளவுதான், எங்கள் சாமான்கள் லாரியில் ஏறியதற்குச் சமம். அந்த நேரத்தில்தான் நான் மாமாவுக்கு மோர் டம்ளரோடு வந்தேன். செத்த எலி என்றதும் உண்மையாகவே பயந்து, டம்ளரை வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலும் பீரோவுக்குப் பின்னாலும் குனிந்து தேடினேன். நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தேன்.

"எங்க மாமா? எனக்கு ஒண்ணுமே வரலியே."

கைக்குட்டைக்கு மேலாக மாமா என்னைப் பார்த்தார். என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைக்கவே சற்று நேரமாயிற்று. நான் பொய் சொல்லவில்லை, வாய்தவறியும் சொல்லவில்லை. ஒரு வாடையும் வரவில்லை, அவ்வளவுதான். விட்டுவிடக் கூடாது என்று காலையும் மாலையும் முகர்ந்து முகர்ந்தே என் மூக்கு அதற்குப் பழகித் தொலைந்திருந்தது. எப்போதிருந்து என்று எனக்கே தெரியாது. பாபு குடித்துப் பழகியதை நான் முகர்ந்து பழகியிருக்கிறேன். அப்பா அம்மாவைப் பார்த்து, ஜெயித்த குரலில் கூட அல்ல, மெதுவாக, "கேட்டியா?" என்றார். அம்மா என்னைத் திட்டவில்லை. "மாமாவுக்கு மோர் ஆறிடப் போவுது, எடுத்துக் குடு" என்று பொருத்தமில்லாமல் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலை நான் வழக்கம்போலக் குழாயடியில் போய் நின்றேன். இருமல் வந்தது, காற்று வந்தது, தண்ணீர் வந்தது. அம்மா சொம்பை எடுக்கவில்லை. அரிசி களைந்தபடியே, திரும்பிப் பார்க்காமல், "போய்க் குளி, நேரமாவுது" என்றாள். அட்டைப்பெட்டிகள் பரணுக்குத் திரும்பிப் போயின.

அதன் பிறகு அந்த வீட்டில் எங்களுக்குப் பழகாத அசிங்கம் என்று எதுவும் மிச்சமில்லை. இரண்டாயிரத்துப் பதினைந்தின் பெருமழையில் தாங்கல் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர். எல்லார் வீட்டுச் செப்டிக் டேங்கும் சேர்ந்து கொடுத்தது அதன் மேல் மிதந்தது. வடிந்த பிறகு அம்மாவும் நானும் துடைப்பத்தால் தள்ளி, பினாயில் ஊற்றிக் கழுவி, பாதி வேலையில் பசி எடுத்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டோம். ஒருவருக்கும் குமட்டவில்லை. இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் அந்த வெள்ளத்தை விட அந்த உப்புமாதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். சிந்தாதிரிப்பேட்டைப் போர்ஷன் வீட்டை இடித்துவிட்டார்கள். காலி மனை என்று ஒன்று இல்லை, எல்லாவற்றிலும் வீடு. ஷேர் ஆட்டோவில் யாரும் "தாங்கல்" என்பதில்லை, "ஆர்ச், ஆர்ச்" என்றுதான் கூவுகிறார்கள். புதிதாக வருகிறவர்களை எச்சரிக்க அந்த ஒரு சொல்தான் இருந்தது, அதுவும் போய்விட்டது. மாடியில் எழுப்பிய போர்ஷனுக்குப் போன வாரம் மெட்ராஸ் ஐஸ்ஹவுஸ் பக்கமிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. குடும்பத் தலைவருக்கும் ஒரகடத்தில்தான் வேலை. குடியேறிய மறுநாள் காலை அவர்களுடைய சின்னப் பெண் வாயில் பிரஷ்ஷோடு படியிறங்கி ஓடிவந்து, வாசலில் வாந்தியெடுத்தாள். அம்மா போய் அவள் முதுகைத் தடவிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, புதுத் தண்ணி இல்லியா, பழகிடும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்று, கண்ணில் தண்ணீரோடு என்னைக் கேட்டாள். "அக்கா, உங்களுக்கு நாத்தம் வரலியா?"

குழாயைத் திறந்து ஒரு கை நீர் பிடித்து மூக்கருகே கொண்டுபோனேன். எவ்வளவு இழுத்தும் ஒன்றும் வரவில்லை.

"வருதும்மா," என்றேன். "குமட்டுது."