கடைசி கான்வாய்

அந்தமானின் ரங்கத் கடைவீதியில் எங்கள் பஸ் நின்றுபோயிருக்கிறது. நடுரோட்டில் மேடை. இரண்டு கட்சிக்காரர்கள் மருத்துவத்தைப் பற்றி ஹிந்தியில் மோதிக்கொள்கிறார்கள். எல்லோருக்கும் இன்சூரன்ஸ் அட்டை தருவோம் என்கிறார் ஒருவர். அட்டை எதற்கு, பெரிய ஆஸ்பத்திரியே கட்டுவோம் என்கிறார் மற்றவர்.

என் முன் சீட்டில் ரப்பர் தோட்டத்துப் பெண் ஒருத்தி. அவள் மடியில் தலை வைத்திருக்கும் கணவனுக்கு மூச்சு இழுக்கிறது. போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் எழுதிய சீட்டு அவள் கை வியர்வையில் நைந்திருக்கிறது.

“ஆம்புலன்ஸ் கிடைக்கலியாம்மா?”

“அது நேத்தே வேற கேஸோட போயிருச்சுங்க. காட்டு கேட்டுல வண்டிங்கள ஒண்ணாச் சேத்துத்தான் விடுவாங்க. பன்னெண்டுக்குள்ள இங்கருந்து கிளம்புனாத்தான் கடைசி கான்வாய். விட்டா நாளைக்கு சுபே, விடிஞ்சப்புறந்தான்.”

நான் இறங்கிப்போய் மேடையில் கெஞ்சுகிறேன். நோயாளி என்றதும் ஒருவர் முகம் மலர்கிறது. மைக்கோடு பஸ்ஸுக்கே வந்து, அட்டை வேண்டுமா, ஆஸ்பத்திரி வேண்டுமா என்று அவளிடம் கேட்கிறார்.

“ராஸ்தா விடுங்க பய்யா, பஸ் போகட்டும்.”

கூட்டம் அதற்கும் கைதட்டுகிறது. டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்ஜினை அணைக்கிறார்.