மேலே மட்டும் வெதுவெதுப்பு

அம்மா வளர்த்த மூன்று ஏஞ்சல் மீன்களும் இன்று காலை தொட்டியின் அடியில் செத்துக் கிடந்தன.

அம்மா இறந்த பிறகு நைனாதான் அவற்றைப் பார்த்துக்கொண்டார். மார்கழிக் குளிர் தாங்காது என்று பொன்னேரியிலிருந்து ஹீட்டர் வாங்கிவந்து, தொட்டியின் மேல்மட்டத்தில் படுக்கவைத்து ஒட்டினார். சத்தம் போடுகிறது என்று தொட்டித் தண்ணீரைச் சுழற்றும் மோட்டாரையும் நிறுத்திவிட்டார்.

"அடியில வெக்கணும் நைனா" என்றேன்.

"ஏரி இன்னா அடியிலேர்ந்தா காயுது? சூரியன் மேலதான கீது!"

பழவேற்காட்டு ஏரியில் கையை நனைத்தே மீன் இருக்கும் இடத்தைச் சொல்பவர். அவரிடம் யார் வாதாடுவது? தினமும் தொட்டியில் விரல் நுனியை நனைத்து, "வெதுவெதுன்னு கீது" என்று திருப்தியாகப் போவார்.

இன்று மீனை எடுக்க முழங்கை வரை கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அடியில ஜில்லுன்னு கீதும்மா. ஒங்கம்மா கேட்டா இன்னா சொல்லுவேன்?"

நான் கிண்ணத்தை நீட்டினேன்.

தலைமுறை தலைமுறையாக மீனைப் பிடித்து, விற்று, தின்ற வீடு இது. இந்த மூன்றை என்ன செய்வதென்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை. கிண்ணத்தில் கிடக்கின்றன. நைனா பக்கத்திலேயே உட்கார்ந்து பூனையை விரட்டிக்கொண்டிருக்கிறார்.

உங்கள் வீட்டில் என்ன செய்வீர்கள்?