கத்திரி படாத முடி

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பதினோராம் விதிப்படி, வளர்ப்புப் பிராணி பற்றிய மனுவுக்கு ஏழு நாளில் பதில் தர வேண்டும். அந்த விதியை எழுதியவனே நான்தான்.

மனு கொடுத்தவர் எங்கள் காவலாளி. மலைமேல் போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர், ஒல்லியான ஆள்; பேச்சில் மலையாளம் கலக்கும். மூன்றாம் மாடிக்காரர் துபாய்க்குப் போகும்போது தன் வேட்டை நாயை அவரிடம் விட்டுவிட்டுப் போனார். நாய்க்குத் தேங்காய் நார் போல முடி, தாடி வேறு. தினமும் காலையில் காவலாளி வாசலில் உட்கார்ந்து, அதன் செத்த முடியை விரலால் பிடுங்குவார். நாய் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும்.

"கத்திரி வெச்சா சீக்கிரம் முடியுமே?" என்றேன்.

"முடி பஞ்சு மாதிரி ஆயிடும் சாரே. பின்னே மழை தோலு வரைக்கும் இறங்கும்."

முடி பறக்கிறது என்று புகார் வந்தது. மொட்டையடி, இல்லையென்றால் நாயை வெளியே அனுப்பு என்றார் செயலாளர். மனுவை நான்தான் எழுதிக் கொடுத்தேன். பதில் வரும்வரை பொறுக்கவும் சொன்னேன்.

"ஏழு நாளு கழிஞ்சல்லோ சாரே?"

"நினைவூட்டல் அனுப்பலாம்."

"நாய்க்கும் ஒண்ணு அனுப்புங்க," என்று சிரித்தார்.

இரண்டாவது நினைவூட்டலுக்கு மறுநாள் வேலையை விட்டு ஊருக்குக் கிளம்பி, சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்களே என்றேன்.

"மலையடி விதுரா வரைக்கும் ஆட்டோவுக்கு வாடகை பறஞ்சாச்சு."

அவர் என்மேல் கோபப்பட்டாரா என்று இன்றும் தெரியவில்லை. முடியை வெட்டாமலே நாயை வைத்துக்கொள்ளலாம் என்ற பதில், அவர் போய்ப் பன்னிரண்டு நாள் கழித்து, மழை கொட்டும் கர்க்கடக மாதம் ஒன்றாம் தேதி வந்தது.