கொல்லிமலைக்குச் சாட்சி சொல்லப் போனேன்

நாமக்கல்லில் காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறினேன். காரவள்ளி தாண்டியதும் மலை தொடங்குகிறது. எழுபது கொண்டை ஊசி வளைவுகள். கடற்கரையில் பிறந்த வயிறு இருபதாவது வளைவிலேயே கைவிட்டது. "ஏனுங்க, மொதத் தடவைங்களா? கம்பியப் புடிச்சுட்டுத் தூரமாப் பாருங்க," என்றார் நடத்துநர். சுற்றிப் பார்க்க வந்திருந்தால் சிரித்திருப்பேன்.

நான் வந்தது சாட்சி சொல்ல. எங்கள் ஊர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த, கொல்லிமலை வாழவந்தி நாட்டு அண்ணன் தம்பிகளில் இளையவன் செல்வன், கடலில் குளிக்கும்போது நீலச் சொறி என்கிற கொட்டும் கடல் உயிர் சுற்றி இறந்துபோனான். உடம்பெல்லாம் சாட்டையடி போலத் தடிப்பு. யாரோ அடித்துக் கொன்றதை மூத்தவன் ராசு மறைக்கிறான் என்று பெற்றவர்கள் அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். நான் கல்லூரியில் கடல் உயிர்களைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். அதனால் கெஞ்சி அழைத்திருந்தான்.

மலைமேல் செம்மேட்டில் இறங்கியபோது தூறல். ராசு வண்டியில் கூட்டிப்போனான். வழியெல்லாம் மிளகுக்கொடி.

வீட்டில் நீலச் சொறியின் படத்தைக் காட்டி விளக்கினேன். இந்தச் சொறி தனி உயிர் அல்ல, ஒரு கூட்டம். இந்த இனத்தில் ஒரே கரு, கண்ணுக்குத் தெரியாத புழுவாக நீந்தும். அதில் முதலில் ஒரு காற்றுப்பையும் ஒரு வாயும் உண்டாகும். பிறகு மொட்டு மொட்டாக விடும். விட்ட மொட்டு எதுவும் பிரிந்து போவதில்லை.

"நம்ம பலா மாதிரீங்களா? ஒரே தோலு, உள்ள அத்தன சுளை?" என்றார் தகப்பனார்.

"அதேதாங்க. தின்ன சிலது, கொட்ட சிலது, பெருக சிலது. கொட்டுறதோட வால்தான் சாட்டை மாதிரி சுத்துது. யாரும் அடிக்கலைங்க."

அவர் மகனின் கையைப் பிடித்துக்கொண்டார். "உன்னையப் போயி சந்தேகப்பட்டனே கண்ணு." அம்மா அழுதார். அத்தோடு நான் எழுந்து வந்திருக்க வேண்டும்.

ராசு கேட்டான்: "சார், கம்பளிப்பூச்சி பட்டா இங்க செய்யறாப்புல, மண்ணப் போட்டுத் தேச்சு, நல்ல தண்ணி ஊத்திக் கழுவுனேனுங்க. அதுலதான் அவ்வளவு நேரமாச்சும் தாங்குனானுங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். பாடம் நடத்திப் பழகிய பாழாய்ப்போன வாய்.

"தேய்க்கக் கூடாதுங்க. நல்ல தண்ணியும் ஆகாது. தோலுல ஒட்டிக்கிட்டிருந்த மிச்ச வாலும் அப்பதான் கொட்டும்."

தேய்க்காவிட்டாலும் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தகப்பனாரின் கை மட்டும் மெல்ல விலகியது.

பேருந்து வரை அம்மாதான் வந்தார். "நீங்க வராமயே இருந்திருக்கலாம் சாமி," என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில்.

இறங்கும் வழியெல்லாம் அதே நினைப்பு. எங்கள் ஊரில் கடல் ஆளைக் கொன்றால், கரையில் நின்று மண்ணை வாரி இறைத்துக் கடலைத் திட்டித் தீர்ப்போம். இங்கே திட்டுவதற்குக் கடல் இல்லை. ராசுதான் இருக்கிறான்.