துருவத்தில் நிமிர்ந்த கேக்

எல்வுட் டாஸ்கர் பிறந்த அமெரிக்கக் கான்சாஸ் கோதுமைக் காடு எப்படிப்பட்ட சமவெளி தெரியுமா? ஒரு மாடு படுத்தால் அடுத்த ஊருக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஊர்க்காரன் கடற்படையில் போய்ச் சேர்ந்து, அதிலும் நீர்மூழ்கியில் சமையல்காரனானான். ஏன் என்று கேட்காதீர்கள். மனிதனுக்குக் கிறுக்குப் பிடிக்கக் காரணம் வேண்டுமா என்ன?

முதலில் அவன் இருந்தது டீசல் கப்பல். அது திமிங்கிலம் மாதிரி அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்க வேண்டும். பனிக்கூரையின் அடியில் நெடுந்தூரம் போனால் மூச்சு முட்டிப் போகும். பிறகு அணு உலை வந்தது. அதற்குக் காற்றே வேண்டாம். மேலே பனி மலை தலைகீழாகத் தொங்க, கீழே கப்பல் வாரக்கணக்கில் ஊர்ந்தது. எல்வுட் இரண்டு தடவை வட துருவத்துக்குப் போய் வந்தான்.

போனானே தவிர, பார்த்தானா? இல்லை. கப்பல் மேலே வந்து எல்லோரும் பனியில் கூத்தாடியபோதெல்லாம் அவன் அடுப்படியில் இருந்தான்.

"துருவத்துக்குப் போனேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிறியே, பனியத் தொட்டியா?" என்று மனைவி லொரெட்டா கேட்டாள்.

"வெங்காயம் உரிச்சேன்."

"அத இங்கயே உரிச்சிருக்கலாமே!"

அவள் சிரித்த சிரிப்பு அவனுக்கு முள்ளாகத் தைத்தது. மூன்றாம் பயணம்தான் கடைசி, அதன்பின் ஓய்வு. இந்தத் தடவை கால் பனியில் பட்டே ஆக வேண்டும்.

கேப்டன் வின்ஸ்லோ ஒரு நிபந்தனை போட்டார். போன தடவை துருவத்தில் வெட்டிய கேக் கோணலாக இருந்து, அதில் குத்திய கொடி அவர் மூக்கின் மேல் விழுந்தது. "எல்வுட், இந்தத் தடவை கேக் மட்டமா வந்தா நீ மேல வரலாம். கோணலா வந்துச்சோ, இன்னொண்ணு சுட்டுக்கிட்டு உள்ளயே கெட." கப்பலில் கேப்டன் விளையாட்டுக்குச் சொன்னாலும் சட்டம்தான்.

நீர்மூழ்கிக்காரர்கள் கப்பலின் சாய்வைக் 'குமிழ்' என்பார்கள். வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழ் ஓடும். அது நடுவில் நின்றால் கப்பல் மட்டம்; 'குமிழ் ஏறட்டும்' என்றால் கப்பலின் மூக்கைத் தூக்கச் சொல்லும் கட்டளை. கேக் அடுப்பில் ஏறும்போது சமையல்காரன் சொல்லியனுப்புவதும், சுக்கான் பிடிப்பவன் குமிழை நடுவில் காப்பதும் அவர்கள் வழக்கம். அன்று சுக்கானில் இருந்தவன் மெர்ல் கேடிஸ். சமையல்காரனைக் கப்பலில் எல்லோரும் 'குக்கீ' என்றுதான் கூப்பிடுவார்கள்.

எல்வுட் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்தினான். "மெர்ல், கேக் உள்ள போயிருச்சு. குமிழ் நடுவுல நிக்கட்டும், என் ராசா!"

"நிக்கும் குக்கீ. எனக்குப் பெரிய துண்டு, ஞாபகம் வெச்சுக்க!"

கப்பல் இன்னும் ஆழத்தில், மெல்லிய பனி உள்ள இடம் தேடிப் போய்க்கொண்டிருந்தது. எல்வுட் அடுப்புக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். மாவு பொங்குகிறது! மேலெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழ்கள்! தலைகால் புரியவில்லை, மறுபடி பொத்தானை அமுக்கிக் கத்தினான்:

"குமிழ் ஏறுது! குமிழ் ஏறுது!"

கட்டளை காதில் விழுந்தால் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுச் செய்துவிடுவது அந்த ஆட்களின் ரத்தத்தில் ஊறியது. மெர்லின் வாயும் கையும் யோசிக்கவே இல்லை. "குமிழ் ஏறுது, ஆகட்டும்!" என்று சுக்கானை இழுத்தான். கப்பல் மூக்கைத் தூக்கியது. கரண்டிகள் ஓடின, கேப்டனின் காப்பி அவர் மடியில் ஓடியது, மாவு மொத்தமும் தட்டின் ஒரு பக்கம் ஒதுங்கியது. கப்பலை நிமிர்த்துவதற்குள் கேக் இறுகிவிட்டது: ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம்.

"எவண்டா குமிழ ஏத்தச் சொன்னது?" என்று கேப்டன் உறுமினார்.

"கேக்குதான் சார்," என்றான் மெர்ல்.

கப்பல் பனியை உடைத்து மேலே வந்தது. ஒவ்வொருவராக ஏணியில் ஏறினார்கள். எல்வுட் கேக்கை உற்றுப் பார்த்தான். பிறகு அதைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ஏணியடியில் போய் நின்றான்.

"எங்க கெளம்பிட்ட? இது கோணல்," என்றார் கேப்டன்.

"கேக் கோணல் இல்ல சார், தரைதான் கோணல். மட்டம் பாக்குற எடம் மேல இருக்கு. நீங்களே வந்து பாருங்க."

அவனுடைய முரட்டு முகத்தைப் பார்த்துக் கேப்டன் வழிவிட்டார். சிரிப்பை அடக்க வேறு வழி இல்லை.

மேலே கண் கூசும் வெயில், வெள்ளை, வெள்ளை! கப்பல் பிளந்து தள்ளிய பாளம் ஒன்று ஒருச்சாய்ந்து கிடந்தது. எல்வுட் அதன் மேல் தட்டை வைத்தான், திருப்பினான், கொஞ்சம் நகர்த்தினான். பாளம் சாய்ந்த பக்கம் கேக்கின் மலை, உயர்ந்த பக்கம் பள்ளம். கேப்டன் சட்டைப்பையிலிருந்து ஓர் ஆரஞ்சை எடுத்துக் கேக்கின் தலையில் வைத்தார்.

ஆரஞ்சு அசையவில்லை.

"மட்டம்!" என்று கேப்டன் கத்தினார். கப்பலே ஊளையிட்டது.

எல்வுட் அப்போதுதான் குனிந்து காலைப் பார்த்தான். இரண்டு காலும் பனியில்! துருவப் புள்ளி இதுதான் என்று மற்றவர்கள் கொடி நட்டிருந்த இடத்தை வட்டமடித்து ஓடினான். ஒரு சுற்று, உலகைச் சுற்றியாயிற்று. இன்னொன்று. இன்னொன்று. எந்தப் பக்கம் பார்த்தாலும் தெற்கு! கடைசியில் சறுக்கிப் பொத்தென்று உட்கார்ந்தான், கால்சட்டை நனைந்தது.

"குக்கீ, குமிழ் எங்கடா நிக்குது?" என்று மெர்ல் வாய் நிறையக் கேக்கோடு கேட்டான்.

"தலைக்குள்ள சுத்துதுடா! என்னைத் தூக்காத. லொரெட்டாகிட்டக் காட்டணும், இன்னும் நல்லா நனையட்டும்!"